பாண் சுற்றிவந்த முகமூடி மாத்தயா

எனக்கு வயது அறுபத்தாறு. பெற்றது நாலு, பெறாமல் வளர்த்தது மூன்று. ஏழு பேரையும் ஆளாக்கி அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை முதியோர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏழு பேரை வளர்த்தவளுக்குக் கடைசியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தீர்கள் போலும்.

நடந்தது இதுதான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, இப்போது யார் யார் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பேச்சு வந்தது. ஒருத்தி கண் ஆபரேசனுக்கு என்றாள். ஒருத்தி மகன் லீவில் வருவதற்கு என்றாள். மூலையில் இருந்தவள், நான் ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை, நாலு பேர் தூக்கிப்போக வந்தால் சரி என்றாள். என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன்.

“புது கேம் ஒண்ணு வரப்போகுது. அதுக்குத்தான்.”

சங்கத் தலைவிக்குப் புரையேறிவிட்டது.

“கேமா? மதினி, மொதல்ல ஒங்களுக்குப் பல்லு கட்டுவோம். அப்புறமா கேம் வெளையாடலாம்.”

“பல்லு எதுக்கு? கேமைக் கடிக்கவா போறேன்?”

அதற்கும் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள். என் கையெழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. வாய் நிற்கவில்லை.

கேம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பேத்தியின் அப்பா கட்டாரில் இருந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். அதை டீவியில் மாட்டினால் ஒரு வீரன் வருகிறான். முகத்தை மூடியிருப்பான். கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவான். பேத்தி கையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் அவன் தாவுவான், அமுக்காவிட்டால் பேசாமல் நிற்பான். படம் பார்ப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். இவன் நம்மை நம்பி இருக்கிறான். நான் பின்னால் உட்கார்ந்து, “இடது பக்கம் ஒருத்தன் வர்றான் பாரு”, “அந்தப் பொம்பளைய நம்பாத, முழி சரியில்ல” என்று சொல்வேன். அந்தப் பொம்பளை விசயத்தில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. பேத்தியிடம் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை வந்த பாகங்களை எல்லாம் நாங்கள் முடித்துவிட்டோம். கடைசிப் பாகத்தில் வீரனின் வீடு இடிந்துபோனது. அதன் அடியில் விழுந்த சிநேகிதன் என்ன ஆனான் என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். இப்போது புதுப் பாகம் வரப்போவதாக ஒரு சின்ன வீடியோ விட்டிருக்கிறார்கள். அதை நானும் பேத்தியும் பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் அவன் தலையைத் திருப்புவான் என்பதுகூட எனக்குப் பாடம். நாள் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சிநேகிதன் செத்துப்போய்விட்டான் என்கிறாள் பேத்தி. சாகவில்லை என்கிறேன் நான். தோற்றவர் ஒரு கிழமைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம்.

“அப்பாயி, ஒங்களுக்கு எப்புடி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?” என்று கேட்டாள்.

தெரியாது. ஆனால் விழுந்து கிடக்கிறவனைப் பற்றி அவசரப்பட்டு முடிவு சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்பதுதான் கதை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கித்துல்கலைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே, ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில், வரிசையாய்க் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அம்மாவும் பால் வெட்டினாள். விடியும் முன்னே இரண்டு பேரும் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே பால் வாசம்தான். நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், உங்களுக்கு அந்த வாசம் தெரியாது. புதுப் பாலுக்கு வாசமே இல்லை. காய்ந்து துணியில் ஒட்டி இரண்டு நாளானால் செத்த எலி தோற்கும். கலியாண வீட்டுக்குப் போனாலும் எங்களோடு கூடவே வரும்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. ஆற்றங்கரைப் பாறையில் இருந்து குதித்தான். தண்ணீர் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கல் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே சிங்களக் கிராமத்தில் இருந்த வெதமாத்தயா என்கிற நாட்டு வைத்தியரிடம் ஓடினார். எலும்பு முறிவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எண்ணெயும் இலையும் அரைத்துப் பூசினார். பொங்கல் நெருங்கும்போது கட்டை அவிழ்த்துவிட்டார்.

எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது, இனிமேல் காலைத் தரையில் ஊன்ற வேண்டும் என்றார். பெரிய மழை பிடிப்பதற்குள் நடக்கவில்லை என்றால் தசை சுருங்கிவிடும், அப்புறம் தன் எண்ணெய்க்கும் வேலை இல்லை என்றார்.

தம்பி ஊன்றவில்லை. ஊன்றினால் மறுபடி முறியும் என்று ஒரு பயம். காலை ஒரு பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு தவழ்ந்தான். அப்பா தூக்கி நிறுத்திப் பார்த்தார். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“மலையில ஏறி எறங்காதவனுக்கு எப்புடிப் பேர் விழும்? நாங்க இருக்கிற வரைக்கும் சரி. அதுக்கப்புறம் இவன் எங்க போவான்?”

செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேர் விழுந்தால்தான் அந்தக் காலத்தில் வேலை. வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. ஏழு வயதுப் பையனுக்கு அம்மா அவன் கிழவனாகும் வரைக்கும் யோசித்துவிட்டாள்.

அவனைப் பார்த்துக்கொள்ள என்னை இஸ்கூலில் இருந்து நிறுத்தினார்கள். அதோடு கடைக்குப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கடை என்றால் ரோட்டோரத்தில் இருந்த முதலாளியின் கடை. பாண் ரொட்டி, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். முதலாளி பாணைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்.

அந்தப் பேப்பரில்தான் முகமூடி மாத்தயா வந்தார்.

அது சிங்களப் பேப்பர். பின்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். முகத்தை மூடிய ஒரு ஆள், முதுகில் பெரிய துணி, மார்பில் சூரியன். எங்கள் லயத்தில் எல்லோரும் சிங்களம் பேசுவோம், ஆனால் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அவருக்கு என்ன பேர் என்றும் தெரியவில்லை. சிங்களப் பேப்பரில் வருகிறவர், நல்ல சப்பாத்துப் போட்டிருக்கிறார், அதனால் ஐயா என்பதைச் சிங்களத்தில் மாத்தயா என்று நாங்களே பேர் வைத்தோம்.

முதல் தாளில் மாத்தயா கீழே விழுந்து கிடந்தார். மேலே ஒரு பாலம் இடிந்து கிடந்தது. ஒரு கால் கோணலாக மடிந்திருந்தது. சுற்றி நின்ற சனம் அழுதது. தம்பி அந்தத் தாளை விடவே இல்லை. எண்ணெய் ஊறி, பாண் வாசம் அடிக்கிற தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, இவருக்கும் வலது காலு.”

அடுத்த பாண் வந்தது. அதைச் சுற்றிய தாளில் மாத்தயா எழுந்து நின்றார்! பாலத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்ததில் பாலம் நேராக நின்றது, மேலே ரெயில் போனது. இடிந்த பாலத்தை ஒரு ஆள் முழுசாக்கிவிட்டால் எப்படி இருக்கும்? எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த வீட்டில் பாண் வாங்கினாலும் தாளைக் கிழிக்காமல் கொண்டுவந்து எங்களிடம் கொடுக்க வேண்டும் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பேசிக்கொண்டோம். எனக்குச் சிங்கள எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, படம் தெரியும். படத்தைப் பார்த்து நானே கதை சொல்வேன். மத்தியானம் எங்கள் வாசலில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு தாய்மாரும் நிற்பார்கள். அந்தக் காலத்தில் என்னைப் போலக் கதை சொல்ல அந்த டிவிசனில் ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லயத்தில் பொங்கலுக்குச் சுவரில் பேப்பர் ஒட்டுவது வழக்கம். காற்று வராது, மூட்டைப்பூச்சி வராது. கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். எனக்கு மாவு யார் தருவார்? பால் வாளியைக் கழுவும் முன்னால் அடியில் மிஞ்சியிருக்கும் பாலை விரலால் வழித்து எடுத்தேன். தம்பியின் பாய்க்குப் பக்கத்துச் சுவரில் வந்த வரிசைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். பால் போட்டு ஒட்டியது சுவரைவிட்டுப் பிரியாது.

கதை போகப் போக அதிசயம் கூடிக்கொண்டே போனது. எரிந்து கரியான வீடு அடுத்த தாளில் ஓலைக்கூரையோடு நிற்கும். செத்துக் கிடந்த கிழவி அடுத்த தாளில் அடுப்பு ஊதுவாள். எல்லாவற்றிலும் உயரமான தொப்பி போட்ட ஒருவர் வருவார். அவர் கையை நீட்டிய தாளுக்கு அடுத்த தாளைப் பார்த்தால் எல்லாம் சுகமாகியிருக்கும். அவர்தான் மாத்தயாவுக்கு வைத்தியர் என்று நான் கண்டுபிடித்தேன். தம்பி காலையில் கண் விழித்ததும் முதலில் தொப்பிக்காரரைக் கும்பிடுவான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. முகம் மூடிய உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்குப் பயந்த கோளாறு பிடித்திருக்கிறது, அதனால்தான் எழும்ப மாட்டேன் என்கிறான் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். கோயில் பூசாரியைக் கூட்டிவந்தாள். அவர் வேப்பிலையால் தம்பியை அடித்தார், கயிறு கட்டினார், பிறகு விபூதியை எடுத்துச் சுவரில் இருந்த படங்களுக்கும் பூசப் போனார். போன கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு தாளில் இருந்து அடுத்த தாளுக்கு மெல்ல நகர்ந்தார்.

“ஏம்புள்ள, இந்தத் தொப்பிக்காரன் யாரு?”

“அவருதான் வைத்தியர், சாமி.”

“அப்புறம்? இந்தச் சின்னப்புள்ளக்கி என்னா ஆச்சு?”

“அது அடுத்த பாணுலதான் தெரியும்.”

“சரி. தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.”

அம்மா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என் முதுகில் இரண்டு போட்டாள். பூசாரியையும் கெடுத்துவிட்டேனாம்.

ரப்பர் இலை எல்லாம் சிவந்து உதிர்ந்து, மரம் மொட்டையாகி, மறுபடி துளிர்விட்டது. தம்பி நடக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மாத்தயா பறக்கிற தாள் வந்தால் எழுந்து நிற்பேன் என்று. வந்தது. மாத்தயா வானத்தில் பறந்தார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இடது காலில் மட்டும். வலது காலை நாய் தூக்குவது போலத் தூக்கியே வைத்திருந்தான்.

“ஊனுடா.”

“இன்னுங் கொஞ்சம் பறக்கட்டும்.”

அப்பா இதைப் பார்த்துவிட்டார். “படம் பாத்துக்கிட்டு நொண்டிச் சாக்குச் சொல்றான்” என்று கத்தினார். அப்பா எதற்கும் கத்துகிறவர் இல்லை. அந்தச் சீசன் முழுக்கக் கத்தினார். கோபம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் அம்மாவைவிடப் பயந்துபோயிருந்தார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

சித்திரை வருசப் பிறப்புக்கு முதலாளியின் மகள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். முந்திய வருசம் கலியாணம் முடித்துப் போனவள், இப்போது வயிற்றில் பிள்ளை. நான் பாணுக்கு நிற்கும்போது அவள் உள்ளே இருந்து வந்து, மேசைக்குக் கீழே இருந்த பேப்பர் கட்டைப் பார்த்து ஐயோ என்று அலறினாள். அந்தக் கட்டு அவளுடையது. சின்ன வயதில் இருந்து வாராவாரம் வாங்கி, வாசித்து, வரிசையாக அடுக்கித் தும்புக் கயிற்றால் கட்டி வைத்தது. அவள் போனதும் முதலாளி அதைக் கடைக்கு எடுத்துவிட்டார்.

“மிச்சத் தாள் எல்லாம் எங்க வீட்டுச் சொவத்துல இருக்கு, அக்கே” என்றேன். கதையையும் சொன்னேன். விழுந்து கிடந்தவர் எழுந்தது, பாலம் முழுசானது, வைத்தியர் கிழவியை எழுப்பியது.

அவள் கண்ணைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அனே நங்கி, ஐயோ தங்கச்சி! அவன் வைத்தியனா? அவன்தான் வீட்டைக் கொளுத்துறவன்!”

அவள் சிங்களத்தில் சொன்னதை இங்கே தமிழில் சொல்கிறேன். அவள் அடுக்கிய கட்டில் பழைய பேப்பர் அடியில், புதியது மேலே. முதலாளி மேலே இருந்து எடுத்துச் சுற்றினார். எங்களுக்கு முதலில் வந்தது கடைசிப் பேப்பர். கதை பின்னாலிருந்து முன்னாலே வந்திருக்கிறது. மாத்தயா பாலத்தை முழுசாக்கவில்லை. முழுசாக இருந்த பாலத்தைத் தொப்பிக்காரன் இடித்தான், அதன் அடியில் மாத்தயா விழுந்தார். கதை அங்கே நின்றது.

“எந்திரிக்கலியா?”

“தெரியாது. புதுக் கதை வரும்னு போட்டிருந்தாங்க, இன்னும் வரலியாம். நானும் ஒரு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டு மாத்தயா, அதான் என் புருசன், கலியாணங் கட்டின பொம்பளைக்குப் படக்கதை எதுக்குன்னு பேப்பர் வாங்குறதில்ல. அதான் பிள்ளைப்பேறு முடியிற வரைக்கும் இங்கயே இருக்கப் போறேன். வந்தா ஒனக்குச் சொல்லி அனுப்புறேன்.”

பெரிய செய்தி கிடைத்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மேட்டில் ஒரே ஓட்டம். போன வேகத்தில் தம்பியிடம் கொட்டிவிட்டேன். அவன் சுவரில் கடைசித் தாளில் இருந்து முதல் தாள்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வந்து சேர்ந்த இடத்தில் மாத்தயா காலை மடித்துக்கொண்டு கிடந்தார்.

“அப்ப அவரு எந்திரிக்கவே இல்லியா?”

“இன்னும் இல்ல. புதுசு வரும்டா.”

“நீ பொய்யி சொன்ன.”

“பொய் இல்லடா, தாளு அப்புடி வந்துச்சு.”

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒற்றைக் காலில் நிற்பதையும் விட்டுவிட்டான். சோறு வேண்டாம் என்றான். அம்மா என்னைத் திட்டினாள். அப்பா வேலைவிட்டு வந்து விசயத்தைக் கேட்டதும், பால் வெட்டும் கத்தியாலேயே சுவரில் இருந்த படங்களைச் சுரண்டினார். பால் பிடித்த தாள் விடவில்லை. மேல்தோல் மட்டும் உரிந்து வந்தது. பாலமும் ரெயிலும் போனது, மாத்தயாவின் பாதி முகம் மட்டும் இருந்தது. அப்பா கத்தியைப் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு என்றால் என்ன என்று தெரிந்தது. பின்னேரம் ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இடிக்கும் அம்மா வானத்தைப் பார்ப்பாள், பிறகு தம்பியின் காலைப் பார்ப்பாள். அந்தக் கால் மற்றக் காலைவிட மெலிந்திருந்தது. நான் பாணுக்குப் போகும்போதெல்லாம் கடை வாசலில் முதலாளியின் மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். வரவில்லை என்று அர்த்தம். நான் வீட்டுக்கு வந்தால் தம்பி கேட்க மாட்டான். ஆனால் என் முகத்தைப் பார்ப்பான். நானும் உதட்டைப் பிதுக்குவேன். பூசாரிகூட ஒருநாள் கோயில் பக்கம் போன என்னைக் கூப்பிட்டு, “அந்தாளு எந்திரிச்சாரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

இந்த இடத்தில் பேத்தி தட்டுவதை நிறுத்திவிட்டு, “இப்ப நாங்க இருக்கிற மாதிரியேதான்” என்கிறாள். அப்படித்தான். உனக்கு ஒரு வீடியோவாவது விட்டிருக்கிறான். எங்களுக்கு அதுவும் இல்லை.

ஒரு காலை. மழை வரப்போகிற இருட்டு, ஆனால் பெய்யவில்லை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டப் போயிருந்தார்கள். சைக்கிளில் பாண் கொண்டுபோகிறவர் எங்கள் லயத்துக் கீழே நின்று கையைக் குவித்துக் கூப்பிட்டார். “முதலாளி மக சொல்லச் சொன்னா! வந்துருச்சாம்!”

நான் பாவாடையைத் தூக்கிச் செருகினேன். “இருடா, ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“நீ போகாத.”

“ஏன்?”

“நீ பாத்துட்டு வந்து தலைகீழாத்தான் சொல்லுவ.”

“அப்ப யாரு போவா? ஒன்னோட தொப்பிக்காரனா?”

“நான் போறேன்.”

அவன் தவழ்ந்து வாசலுக்கு வந்தான். கதவு நிலையைப் பிடித்து எழுந்தான். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கீழே போகும் படியைப் பார்த்தான். படியில் தவழ முடியாது. ஒற்றைக் காலில் குதிக்கவும் முடியாது. குதித்தவன் கதை அவனுக்கே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

வலது காலைக் கீழே வைத்தான். முதலில் பெருவிரல். பிறகு பாதம். முகம் எல்லாம் சுருங்கியது. முறியும் சத்தத்துக்குக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். சத்தம் வரவில்லை. லயத்துக் கோழி ஒன்று கத்தியது, அவ்வளவுதான்.

“கையப் புடிக்கவா?”

“வேணாம். நீ முன்னால ஓடிப் போயிராத.”

கீழே போகும் பாதை ரப்பர் மரங்களுக்கு நடுவே. ஒரு மரத்தில் இருந்து அடுத்த மரம்வரை நடப்பான், மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவான், அப்புறம் அடுத்த மரம். அப்போதுதான் வெட்டிவிட்டுப் போன மரங்கள். பால் சிரட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கை, கன்னம், சட்டை எல்லாம் வெள்ளை. மற்ற நாளில் வெட்டில் கை வைத்தால் கங்காணி தோலை உரித்துவிடுவார்.

பாதை வளைகிற இடத்தில் அப்பா நின்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கூப்பிடவில்லை. ஓடிவரவும் இல்லை. முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டிக்கொண்டே இருந்தார். தான் பார்த்தால் பிள்ளை பயந்து விழுந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ. பட்டையில் மெல்லிசாகச் சீவ வேண்டிய கத்தி, கட்டைவரைக்கும் போய்விட்டது. மரத்தில் கட்டை தெரிய வெட்டுவது பால் வெட்டுகிறவனுக்குப் பெரிய அவமானம். டிவிசனிலேயே அப்பாவின் வெட்டுத்தான் சுத்தம் என்று துரை சொல்வார். அந்த மரத்தில் விழுந்த காயத்துக்கு அன்றைக்குக் கங்காணி அப்பாவை எல்லோர் முன்னாலும் திட்டினாராம். அப்பா சிரித்துக்கொண்டே நின்றாராம்.

கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரிய பொழுது ஆகிவிட்டது. முதலாளியின் மகள் பேப்பரை விரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் பூசிய தம்பியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“இன்னும் நான் பாக்கல்ல. ஒங்களுக்காகத்தான் வச்சிருந்தேன்.”

மூன்று தலையும் முட்டிக்கொள்ளப் பின்பக்கத்தை விரித்தோம். முதல் கட்டத்தில் இடிந்த பாலம். அடுத்ததில் சனம் கலைந்து போகிறது. அடுத்ததில் ஒரு நாய் கல்லை மோந்து பார்க்கிறது. கடைசிக் கட்டத்தில் கல்லுக்கு நடுவே ஒரு கை. ஒரு விரல் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி எழுத்து.

“என்னா போட்டிருக்கு?” என்றான் தம்பி.

“மிச்சம் அடுத்த கிழமை.”

தம்பிக்கு வந்ததே கோபம். இவ்வளவு தூரம் நடந்துவந்தவனுக்கு ஒரு விரலா?

“அடுத்த கிழமை இவள அனுப்பாதீங்க. நான்தான் வருவேன். நான் வாறதுக்கு முந்தி யாரும் பிரிக்கக்கூடாது.”

போனான். அடுத்த கிழமையும் போனான். பெரிய மழை பிடித்த பிறகு சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனான். மாத்தயா எழுந்து நிற்க அந்தப் படம் வரைகிற ஆள் மழைக்காலம் பூராவும் எடுத்துக்கொண்டார். அவர் இரண்டு கிழமையில் எழுப்பிவிட்டிருந்தால் தம்பியும் இரண்டு கிழமையோடு நின்றிருப்பான். அந்த ஆள் யார் என்று தெரியாது. நன்றாக இருந்திருக்க வேண்டும்.

தம்பிக்கு வயது வந்ததும் செக்ரோலில் பேர் விழுந்தது. பென்சன் எடுக்கிறவரை பால் வெட்டினான். மழை நாளில் மட்டும் லேசாகச் சாய்ந்து நடப்பான். இப்போது கீழ் டிவிசனில் மகன் வீட்டில் இருக்கிறான். புது கேம் வரப்போகிறது என்று தெரிந்ததில் இருந்து பேத்திக்குப் போன் மேல் போன். நாள் குறித்துவிட்டார்களா என்று கேட்கிறான். வந்ததும் நானே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறேன், ஏன் மேட்டில் ஏறி வருகிறாய் என்றேன்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. நான் வந்து பாத்துக்கிறேன்” என்றான்.

ஆகவே சங்கத்துப் பொம்பளைகளே, அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நீங்களும் வரலாம். பாய் விரித்து வைக்கிறேன், தேத்தண்ணி தருகிறேன். சிரிக்கிறவர்கள் பின்னால் உட்காருங்கள், டீவியை மறைக்காதீர்கள்.

அவ்வளவுதான் புள்ள. எல்லாம் தட்டிட்டியா? இப்ப எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. என் வயசையும் வளத்த கணக்கையும் மட்டும் நல்லாச் சத்தமா வாசி.